அடிக்காமல், அதட்டாமல் ஸ்பானியல் குட்டியைப் பழக்க முடியுமா?

கேள்வி – மார்ச் 2

பத்து வார வயதில் ஒரு காக்கர் ஸ்பானியல் பெண் குட்டி வந்திருக்கிறது. கையைக் கடிக்கிறது. கண்ட இடத்தில் ஒன்றுக்குப் போகிறது. கூப்பிட்டால் காதில் போட்டுக்கொள்ளாமல் தரையை முகர்ந்தபடியே போய்விடுகிறது. "அடியாத மாடு படியாது, செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ஒன்று போடு" என்கிறார் மாமா. எனக்கு மனம் வரவில்லை. செல்லம் கொடுத்தே கெட்டுப்போகுமோ என்ற பயமும் கூடவே இருக்கிறது. மென்மையாகப் பழக்குவது இந்த இனத்துக்குப் பலிக்குமா, அல்லது கேட்க மட்டும் நன்றாக இருக்கும் பேச்சா?

மார்ச் 2, இரவு

பலிக்கும். ஸ்பானியலைப் பொறுத்தவரை மற்ற வழிதான் பலிக்காது என்பேன்.

இந்த நாயை எதற்காக வளர்த்தார்கள் என்று பாருங்கள். புதர்களுக்குள் வேட்டைக்காரனுக்கு முன்னால் இடமும் வலமுமாக ஓட வேண்டும். பதுங்கியிருக்கும் பறவையை மோப்பம் பிடித்துக் கிளப்ப வேண்டும். சுட்டு விழுந்ததைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் தர வேண்டும். இத்தனையும் கயிறு இல்லாமல், துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள். ஓடும்போதே 'நம் ஆள் எங்கே' என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளும் நாய்தான் இதற்கு உதவும். அப்படிப்பட்ட நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். உங்கள் குட்டியிடம் இருக்கும் பெரிய சொத்து அந்தத் திரும்பிப் பார்த்தல்தான். மூக்கில் ஒரு அடி விழுந்தால் முதலில் போவதும் அதுதான்.

மாமாவின் பழமொழி நுகத்தில் பூட்டிய மாட்டுக்குப் பொருந்தலாம். ஸ்பானியல் என்ன கற்றிருக்கிறது என்பது அது கட்டவிழ்ந்து ஓடும்போதுதான் தெரியும்.

என்னிடம் முன்பு மணி என்ற ஸ்பிரிங்கர் ஸ்பானியல் இருந்தான், குட்டியிலிருந்தே வளர்த்தவன். இப்போது செம்பி, செந்நிறக் காக்கர். வளர்ந்த பிறகு வேறொரு வீட்டிலிருந்து வந்தவள். இருவரிடமும் கற்றதை வைத்துத்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் முடியாது, நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாகப் போடுகிறேன்.

மார்ச் 3

ஒன்றுக்குப் போவது பற்றிச் சுருக்கமாக. குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி அதோடு ஒன்றைக் கூட்டினால், அத்தனை மணி நேரம் அடக்கும் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள். அது உச்ச வரம்பு, அதுவும் தூங்கும்போது. விளையாடுகிற குட்டிக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது. எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாட்டு முடிந்ததும், படுக்கும் முன்னும் வெளியே கொண்டுபோங்கள். எப்போதும் ஒரே இடத்துக்கு. போய் முடித்த நொடியில் அங்கேயே தின்ன ஏதாவது கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும்.

உள்ளே நடந்துவிட்டால் நொதி கலந்த திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா வாடையுள்ள தரைக்கழுவி வேண்டாம், அந்த வாடையே மறுபடி அங்கே இழுக்கும். மூக்கை அதில் தேய்ப்பதால் குட்டி கற்பது ஒன்றே: ஆள் பார்க்கும்போது போகக் கூடாது. பிறகு சோபாவுக்குப் பின்னால் போய்ப் போகும், வெளியே நீங்கள் எவ்வளவு நேரம் நின்றாலும் உங்கள் முன்னால் போகாது.

மார்ச் 5

கடி. 28 பால் பற்கள், ஒவ்வொன்றும் ஊசி. கூடப்பிறந்த குட்டிகளோடு உருண்டு புரளும்போதுதான் எவ்வளவு அழுத்தினால் அடுத்தவருக்கு வலிக்கும் என்று குட்டி தெரிந்துகொள்கிறது. எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மீதிப் பாடம் உங்கள் பொறுப்பு.

பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுகிற பொருளைத் துரத்துவது அதன் ரத்தத்தில் ஊறியது. கை அப்படியே அசையாமல் நிற்கட்டும். மறு கையால் கடிக்கத் தகுந்த பொம்மையை நீட்டுங்கள். அதைக் கவ்வினால் விளையாட்டு தொடரும், மறுபடி கையைத் தேடினால் பேசாமல் எழுந்து ஒரு நிமிடம் தள்ளிப் போங்கள். சத்தம் வேண்டாம், முறைப்பும் வேண்டாம். 'ஆ' என்று வலியில் கத்திக் காட்டச் சொல்வார்கள் சிலர். சில குட்டிகள் அதற்கு நின்றுவிடும். மணிக்கு அந்தக் கத்தல் விளையாட்டின் உற்சாகக் குரலாகத்தான் கேட்டது, இன்னும் வேகமாகப் பாய்வான்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. இந்த வயதில் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூக்கம் வேண்டும். மாலையில் கண் சிவந்து, பைத்தியம் பிடித்ததுபோல் காலைக் கவ்வும் குட்டி பெரும்பாலும் தூக்கம் போதாத குட்டி. அந்த நேரத்தில் பயிற்சி வேண்டாம். விளக்கை அணைத்து, மெல்லுவதற்கு ஈரத்துணி ஒன்றை உறைய வைத்துக் கொடுத்து, கூட இருந்து மெல்லும்போது துணி கிழிகிறதா என்று பார்த்துக்கொண்டு, படுக்க விடுங்கள்.

மார்ச் 6

'நாய் தலைமைக்குப் போட்டியிடுகிறது, நீதான் தலைவன் என்று காட்டு' என்று மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இது எங்கிருந்து வந்தது என்றால், 1947-ல் ருடால்ஃப் ஷென்கல் அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டைதான் நடக்கும். அந்தக் கருத்தைப் பரப்பியதில் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளருக்குப் பெரும் பங்கு உண்டு. அவரே காட்டு ஓநாய்களைக் கவனித்தபின் 1999-ல் வேறு விதமாக எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் உள்ள குடும்பம், பெற்றோர் தலைமைக்காகப் பிள்ளைகளோடு மோதுவதில்லை.

பத்து வாரக் குட்டி நாற்காலியில் ஏறுவது மெத்தை மிருதுவாக இருப்பதால்.

மார்ச் 9

"தப்புச் செய்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்கிறாள், தெரிந்தேதானே செய்கிறாள்?" என்ற கேள்விக்கு. நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். ஒரு தீனித் துண்டைக் காட்டித் தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டுப் போவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்று சிலரிடம் உண்மையைச் சொன்னார்கள், சிலரிடம் பொய் சொன்னார்கள். நாயின் 'குற்றமுள்ள முகம்' அது தின்றதா இல்லையா என்பதோடு சேர்ந்து வரவில்லை, திட்டு வாங்கியதோடு சேர்ந்து வந்தது. ஒன்றும் தின்னாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாகக் காட்டின.

ஸ்பானியலுக்கு இயல்பாகவே ஏக்கம் தேங்கிய கண்கள், தொங்கும் காது. அந்த முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதினால் அநியாயமாகத்தான் முடியும்.

மார்ச் 14

மார்ச் 3-ல் எழுதியது உங்கள் நிலைமைக்குப் போதாது என்று இப்போது தெரிகிறது. மாமா வாசலில் நுழைந்து குனியும்போதெல்லாம் ஒன்றுக்குப் போகிறாள் என்கிறீர்களே, அது வேறு சங்கதி. இடம் தெரியாமல் போவதல்ல. 'நான் சின்னவள், என்னை ஒன்றும் செய்யாதே' என்று உடம்பே சொல்வது. காக்கர் குட்டிகளிடம் இது நிறையப் பார்க்கலாம். அதட்டினால் அடுத்த முறை இன்னும் அதிகமாகும், ஏனென்றால் இன்னும் அழுத்தமாகக் கெஞ்ச வேண்டியிருக்கிறது அதற்கு.

வருகிறவர் குட்டிக்கு நேராக வராமல் பக்கவாட்டில் நிற்கட்டும். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாம். தலைக்கு மேலாகக் கை நீட்ட வேண்டாம், உட்கார்ந்து தாடைக்குக் கீழே கை நீட்டலாம். குட்டி தானாக வரும்வரை காத்திருக்கட்டும். சந்திப்பு முடிந்தவரை வெளியே, புல் தரையில் நடக்கட்டும். நனைந்தால் ஒன்றும் சொல்லாமல் துடையுங்கள். பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகவே விட்டுப்போகும். அவ்வளவும் செய்த பிறகும் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மாமாவிடம் இதைச் சொல்லும்போது அவர் மேல் பழி விழாமல் சொல்லுங்கள். அவரைப் பெரியவராக மதிப்பதால்தான் குட்டி அப்படிச் செய்கிறது.

மார்ச் 22

தடுப்பூசி முடியும்வரை வெளியே விடவே கூடாதா என்ற கேள்வி வந்திருக்கிறது. தடுப்பூசித் தொடர் பொதுவாக 16 வாரம் வரை போகும். குட்டி உலகத்தோடு பழகும் காலமோ ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்தில் சுருங்கிவிடுகிறது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் நடத்தி 1965-ல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கால வரம்பை நன்றாகக் காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஐந்து இனங்களில் காக்கர் ஸ்பானியலும் ஒன்று. ஊசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தக் கதவு மூடிய பிறகுதான் குட்டி வெளியே வரும்.

இரண்டையும் காப்பாற்ற வழி இருக்கிறது. தூக்கிக்கொண்டு போங்கள். தரையில் விடாமல் பேருந்துச் சத்தம், குடை, தொப்பி போட்டவர், சைக்கிள், குழந்தைகளின் கூச்சல் எல்லாவற்றையும் மடியிலிருந்தே பார்க்கட்டும். தடுப்பூசி போட்ட ஆரோக்கியமான நாய்கள் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பல நாய்கள் வந்துபோகும் மண்ணில் மட்டும் இறக்காதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

எதையும் அதன் மேல் திணிக்க வேண்டாம். தலையைத் திருப்பிக்கொண்டால், வாயை நக்கிக்கொண்டால், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டால் 'போதும்' என்று பொருள். தள்ளிப் போய்விடுங்கள். பத்துப் பேர் கையில் மாறிமாறிக் கொடுப்பது பழக்குவதாகாது.

ஏப்ரல் 4

இப்போதுதான் பயிற்சி என்று சொல்லக்கூடியதற்கு வருகிறேன்.

ஒரு குறிச்சத்தம் வேண்டும். கிளிக்கராக (அழுத்தினால் 'கிளிக்' என்று ஒலிக்கும் சின்னக் கருவி) இருக்கலாம், 'எஸ்' என்ற சின்னச் சொல்லாகவும் இருக்கலாம். சரியான செயல் நடந்த அந்தக் கணத்தைப் பிடித்துக் காட்டுவதே அதன் வேலை. உளவியலாளர் ஸ்கின்னரிடம் படித்த மரியன் ப்ரெலண்டும் அவர் கணவர் கெல்லர் ப்ரெலண்டும் 1940-களிலேயே விலங்குகளைப் பழக்க இதைப் பயன்படுத்தினார்கள். சத்தம் வந்தால் தின்ன ஏதோ வரும் என்பது முதலில் பதிய வேண்டும். பிறகு குட்டி தானாக உட்காரும் கணத்தில் சத்தம், உடனே தீனி. பின்பக்கத்தை அழுத்தி உட்கார வைக்காதீர்கள். மூக்குக்கு மேலே தீனியைப் பிடித்துப் பின்னோக்கி நகர்த்தினால் தலை உயரும், இடுப்பு தானாக இறங்கும்.

நேரம்: மூன்று நிமிடம் போதும். இன்னும் செய்யலாம் என்று குட்டிக்குத் தோன்றும்போதே முடியுங்கள். தினமும் விடாமல் செய்தால்தான் வரும் என்று நினைக்கிறோம். பீகிள் நாய்களை வைத்து 2008-ல் வெளியான டென்மார்க் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. வாரம் ஒரு முறை பழகியவை, வாரம் ஐந்து முறை பழகியவற்றைவிடக் குறைந்த அமர்வுகளில் அதே செயலைக் கற்றன. ஒரு நாள் விட்டுப்போனால் குற்ற உணர்வு வேண்டாம்.

பரிசு: வெறும் பாராட்டுச் சொல் நாய்க்குப் பெரிதல்ல. 2015-ல் ஃபாயர்பாக்கரும் வின்னும் செய்த சோதனையில் வாய்ப்பாராட்டைவிடத் தடவிக்கொடுப்பதையே நாய்கள் நாடின. கற்றுக்கொடுக்கும் தொடக்கத்தில் தீனிக்கு ஈடு எதுவும் இல்லை. சொல்லையும் தடவலையும் அதோடு சேர்த்தே கொடுங்கள், நாளடைவில் அவற்றுக்கும் மதிப்பு ஏறும்.

ஏப்ரல் 6

தீனி பற்றி மேலே எழுதியதற்கு ஒரு கடிவாளம். காக்கர் எளிதில் குண்டாகிவிடும். சில்லறைத் தீனி ஒரு நாளைய கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. காலை உணவிலிருந்தே ஒரு பங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பயிற்சி முழுக்க அதிலேயே நடக்கட்டும். பட்டாணி அளவு போதும். கோழித் துண்டு, சீஸ் போன்ற உசத்தியானவற்றைக் கடினமான பாடத்துக்கு மட்டும் வையுங்கள். திராட்சை, சாக்லேட், வெங்காயம் கூடாது. சைலிட்டால் என்ற இனிப்பு கலந்த எதுவும் கூடாது, சில வேர்க்கடலை வெண்ணெய்களில்கூட அது இருக்கிறது, லேபிளைப் படியுங்கள்.

ஏப்ரல் 19

நேற்று வந்த செய்தியைப் பார்த்ததும் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்தேன். எலும்பை எடுக்கப் போனபோது உறுமினாள். 'சாப்பிடும்போது தட்டில் கையை விட்டு விட்டு எடு, அப்போதுதான் பயம் வரும்' என்று யோசனை வந்திருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த இழையில் நான் எழுதியதில் ஒன்றை மட்டும்தான் கேட்பீர்கள் என்றால், இதைக் கேளுங்கள்.

ஸ்பானியல் வாயில் தூக்கிக்கொண்டு திரியும் நாய். செருப்பு, காலுறை, கைக்குட்டை எது கிடைத்தாலும் தூக்கும். இரையைக் கொண்டுவந்து கொடுக்க வளர்த்த நாய் அல்லவா, நமக்குக் காட்டத்தான் பல நேரம் கொண்டுவருகிறது. நாம் என்ன செய்கிறோம்? கத்திக்கொண்டு துரத்துகிறோம், மூலையில் மடக்குகிறோம், தாடையைப் பிரித்துப் பிடுங்குகிறோம். மனிதக் கை நெருங்கினால் வாயிலிருப்பது போய்விடும் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் கொண்டுபோகும். அதற்கடுத்த முறை உறுமும்.

செம்பி எங்களிடம் வந்தது இப்படித்தான். முந்தைய வீட்டில் அவள் வாயிலிருந்து எதையும் பலவந்தமாகப் பிடுங்குவது வழக்கமாக இருந்திருக்கிறது. ஒரு காலுறையை எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போனால் அறைக்குள் யாரும் நுழைய முடியாது. கண் வெள்ளை தெரிய, உடம்பு விறைத்து, அசையாமல் பார்ப்பாள். காலுறையில் அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை. கை வரும் என்ற பயம்தான்.

நாங்கள் காலுறையைக் கேட்கவே இல்லை. அவள் எதையும் வைத்திராத நேரத்தில் தூரத்தில் நடந்துபோகும்போது ஒரு கோழித் துண்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். பிறகு அவளுக்கு அக்கறையில்லாத ஒரு பொம்மை வாயில் இருக்கும்போது அதையே செய்தோம். துண்டைப் பார்த்துப் பொம்மையைக் கீழே விடுவாள். அவள் விடும் அந்த நேரத்தில் 'கொடு' என்ற சொல்லை வைத்தோம். பொம்மையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அவளிடமே கொடுத்துவிடுவோம். திரும்பக் கிடைக்கும் என்பதுதான் இதில் உயிர். வெகு காலம் கழித்து ஒரு நாள் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு நேராக என் மடிக்கே வந்தாள், வால் ஆடியபடி. அன்று அழுதுவிட்டேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

உறுமலைத் தண்டிக்காதீர்கள். உறுமல் ஒரு அறிவிப்பு. அதற்கு அடி கிடைத்தால் நாய் அறிவிப்பை விட்டுவிடும், பயத்தை விடாது. பிறகு 'ஒரு சத்தமும் இல்லாமல் திடீரென்று கடித்துவிட்டது' என்பார்கள்.

காக்கருக்கு இதில் தனிக் கவனம் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலக் காக்கர்களைப் பற்றி 1996-ல் போட்பர்செக், செர்பெல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பல நிறம் கலந்தவற்றைவிட ஒரே நிறக் காக்கர்களிடம் ஆக்ரோஷம் அதிகமாகப் பதிவாகியிருந்தது. இதைப் படித்துவிட்டுச் செந்நிறக் குட்டியைச் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம், செம்பி என் காலடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். பிடுங்கும் பழக்கத்தை இந்த இனத்திடம் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன். 2009-ல் அமெரிக்காவில் நடத்தை மருத்துவப் பிரிவுக்கு வந்த நாய்களின் உரிமையாளர்களிடம் மெகன் ஹெரனும் சகாக்களும் கேட்டபோது, வாயிலிருந்து பொருளைப் பலவந்தமாகப் பிடுங்கிப் பார்த்தவர்களில் 39 சதவீதம் பேர் நாய் ஆக்ரோஷமாகத் திருப்பிக் காட்டியதாகச் சொன்னார்கள்.

தட்டுக்கு: சாப்பிடும்போது கடந்துபோங்கள், தட்டில் இருப்பதைவிட நல்ல ஒன்றைப் போட்டுவிட்டு நிற்காமல் போங்கள். ஆள் வருவது நல்லது என்று ஆகட்டும்.

ஏப்ரல் 20

அவசரத்தில் விட்டுப்போனது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் எலும்பும் மெல்லும் பொருளும் கதவு மூடிய இடத்தில் மட்டும். இந்தப் பாடத்தைக் குழந்தை கையால் நடத்த வேண்டாம். ஏற்கெனவே பல் பதிந்திருந்தால் இங்கே படிப்பதோடு நிறுத்தாமல், தண்டனையில்லா முறையில் வேலை செய்யும் நடத்தை நிபுணரை நேரில் பாருங்கள். அதற்கு முன் காதையும் வாயையும் மருத்துவர் பார்க்கட்டும். இந்த வயதில் பால் பல் விழும் வலி இருக்கிறது. ஸ்பானியலுக்குக் காதுத் தொற்று வேறு அடிக்கடி வரும். வலிக்கிற நாய் தொட விடாது.

மே 8

கழுத்துப்பட்டையா, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஹார்னஸ். 2006-ல் வந்த ஒரு ஆய்வில், கழுத்துப்பட்டையில் நாய் இழுத்தபோது கண்ணின் உள்ளழுத்தம் ஏறியது, ஹார்னஸில் ஏறவில்லை. காக்கர்கள் கண்ணழுத்த நோய்க்கு ஆளாகக்கூடிய இனம், ஆகவே இவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை. கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனியுங்கள். மண்டை ஓட்டின் பின்பகுதி குறுகி, தண்டுவடத்தில் நீர் கோக்கும் சிரிங்கோமைலியா அவற்றிடம் பரவலாக இருக்கிறது, கழுத்தில் சாதாரணத் தொடுதலே வலிக்கலாம். கழுத்தைச் சுண்டி இழுத்துப் 'திருத்தும்' முறையை இந்த உடம்புகளில் நினைத்துப் பார்க்கவே எனக்குப் பதறுகிறது.

கயிறு இறுகினால் நில்லுங்கள். தளர்ந்தால் நடங்கள். உங்கள் கால் பக்கத்தில் தீனி கொடுங்கள், முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் நடக்கும்.

காது: கனமான, முடி அடர்ந்த, காற்றுப் புகாத காது. ஆயுள் முழுக்கச் சுத்தம் செய்ய வேண்டியது. அதனால் இப்போதே தினமும் காதைத் தூக்கு, தீனி கொடு, விடு. அடுத்த வாரம் உள்ளே பார், தீனி கொடு, விடு. தலையை இழுத்துக்கொண்டால் அங்கே நிறுத்துங்கள். வேண்டாம் என்று சொல்ல முடியும் என்று தெரிந்த நாய் அதிக நேரம் பொறுத்துக்கொள்ளும். செம்பி இப்போது தாடையை என் உள்ளங்கையில் வைத்தால் 'சரி' என்று பொருள். எடுத்துவிட்டால் நான் நிறுத்திவிடுவேன்.

மே 25

கூப்பிட்டால் வருவது. முதல் நாளே கேட்டிருந்தீர்கள், வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன். மற்றவை சேர்ந்தால்தான் இது வரும்.

தரையில் மூக்கை வைத்த ஸ்பானியல் உங்களை அவமதிக்கவில்லை. தலை கீழே, வால் வேகமாக ஆட, அதன் கவனம் முழுவதும் வாசனையில் இருக்கிறது. அந்த நேரத்தில் பெயரைப் பத்து முறை கூப்பிட்டால் பெயர் வெறும் பின்னணிச் சத்தமாகிவிடும். அதனால்தான் ஸ்பானியல்காரர்கள் விசிலை விரும்புகிறார்கள். 210½ என்ற எண்ணிட்ட ஆக்மி விசில் அவர்களிடையே புழக்கத்தில் இருக்கிறது. யார் ஊதினாலும் சத்தம் ஒன்றே. உங்கள் குரலில் கோபமும் பதற்றமும் ஏறும், விசிலில் ஏறாது.

சாப்பாட்டு நேரத்தில் தொடங்குங்கள். தட்டை வைக்கும்போது குட்டியாகச் சில ஊதல்கள். பிறகு அடுத்த அறையிலிருந்து. பிறகு வெளியே, ஆளில்லாத இடத்தில், நீண்ட கயிற்றோடு. வரும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஊதுங்கள். மூக்கு ஆழ்ந்திருந்தால் ஊதாமல் அருகே நடந்துபோய்க் காத்திருங்கள். தலை தூக்கும், உங்களைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு ஒவ்வொரு முறையும் குறிச்சத்தமும் தீனியும் கொடுங்கள், கூப்பிடாமலே பார்த்ததற்கு. மணியிடம் நான் செய்த பயிற்சியில் இதற்கு நிகராக ஒன்றும் உதவவில்லை. முயல் ஓடிய தடத்தில்கூட ஒரு கணம் நின்று என்னைத் தேடுவான், அந்தக் கணத்தில் விசில் அவனை எட்டிவிடும்.

வந்த நாயைத் திட்டக் கூடாது, எவ்வளவு தாமதமாக வந்தாலும். குளிப்பாட்டவோ நகம் வெட்டவோ விசில் ஊதக் கூடாது, போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். ஊதிப் பிடித்து உடனே கயிறு மாட்டி வீட்டுக்குக் கிளம்பினால், விசில் என்றால் விளையாட்டு முடிந்தது என்று கற்றுவிடும்.

ஜூன் 2

மேலே உள்ளதோடு சேர்த்துப் படிக்க. வெளியே தீனியைத் துப்பிவிடுகிறாள் என்கிறீர்கள். அங்கே தீனியைவிட வாசனை உயர்ந்தது. அப்படியானால் வாசனையையே பரிசாக்குங்கள். அதிகம் விரும்பிச் செய்யும் செயலைக் குறைவாக விரும்பும் செயலுக்குப் பரிசாக்கலாம் என்பது உளவியலாளர் டேவிட் ப்ரீமாக் 1959-ல் எழுதியது. வந்தாள், ஹார்னஸைத் தொட்டீர்கள், 'போ' என்று மறுபடி புதருக்கு அனுப்பிவிட்டீர்கள். திரும்பி வருவதே முகரப் போவதற்கான வழி என்று ஆகிவிடும். புல்லில் தீனியைத் தூவி 'தேடு' சொல்லலாம். மூக்கோடு சண்டை போட்டு ஸ்பானியலிடம் ஜெயித்தவர் யாரும் இல்லை.

ஜூன் 3

நீண்ட கயிறு எப்போதும் ஹார்னஸில் மட்டும், கழுத்துப்பட்டையில் மாட்டக் கூடாது. ஓடி முடியும் இடத்தில் கழுத்து சுண்டும். சுருளும் பெட்டிக் கயிறு வேண்டாம், அது எப்போதும் சிறிதாக இழுத்துக்கொண்டே இருப்பதால் இழுத்தால்தான் நீளம் கிடைக்கும் என்று கற்றுக்கொடுக்கும்.

ஆகஸ்ட் 20

எட்டு மாதம். எல்லாம் மறந்துவிட்டாள், விசில் காதிலேயே விழவில்லை, மின்சாரக் கழுத்துப்பட்டை வாங்கச் சொல்கிறார் ஒருவர் என்று எழுதியிருக்கிறீர்கள்.

மறக்கவில்லை. வளரிளம் பருவம். 2020-ல் லூசி ஆஷரும் சகாக்களும் பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்டவற்றைச் சோதித்தார்கள். 5 மாதத்தில் இருந்ததைவிட 8 மாதத்தில் தம்மை வளர்ப்பவர் சொன்ன 'உட்கார்' என்பதற்கு அவை குறைவாகவே பணிந்தன. வேற்றாள் சொன்னால் அப்படிக் குறையவில்லை. அந்த ஆய்வின்படி இது கடந்துபோகும் காலம்.

மின்சாரப் பட்டை வேல்ஸில் 2010 முதல் சட்டப்படி தடை. அதே 2020-ல் போர்ச்சுகலில் 92 நாய்களைப் பார்த்த ஆய்வில், தண்டனை முறைப் பள்ளிகளில் பழகியவை பயிற்சியின்போது கூடுதலான பதற்ற அறிகுறிகளைக் காட்டின, பயிற்சிக்குப் பின் அவற்றின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பும் கூடியிருந்தது. அதுவும் பறவையை முகர்ந்துகொண்டிருக்கும் ஸ்பானியலுக்கு அதிர்ச்சி கொடுத்தால், அந்த வலியை அது எதோடு சேர்த்து முடிச்சுப் போடும் என்று உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது. பறவையோடு சேர்க்கலாம், பக்கத்தில் நின்ற குழந்தையோடு சேர்க்கலாம், உங்களோடும் சேர்க்கலாம்.

நீண்ட கயிற்றை மறுபடி எடுங்கள். மே 25-ல் எழுதிய முதல் படிக்கே போங்கள், ஆளில்லாத இடம், குறைந்த தூரம். கூப்பிடாமல் அவள் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு பார்வைக்கும் பழையபடி கொடுங்கள். முதல் இனச்சேர்க்கைப் பருவம் எப்போது வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வாரங்களில் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். விசிலை இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஊதுங்கள். அதன் பிறகு வெளியே எப்படி வருகிறாள் என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.